பாசலுக்கு யார் போக வேண்டும்?

நீலகிரியின் தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் பற்றி ஆங்கிலத்தில் வந்த தொடக்க கால நூல்களில் ஒன்று 1864இல் மங்களூரில் மறுபதிப்பு கண்டது. எழுதியவர் மெட்ஸ் என்ற மிஷனரி. அச்சிட்டது பாசல் மிஷன் அச்சகம். அதே மிஷன் செய்த மங்களூர் ஓடு வேய்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1815இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கிய அந்த அமைப்பு, 1834இல் மங்களூருக்கு ஆள் அனுப்பியது. 1840களில் ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் கால் ஊன்றியது. குண்டர்ட்டின் மலையாள அகராதியும் (1872) கிட்டலின் கன்னட அகராதியும் (1894) அதன் ஊழியர்களின் உழைப்பில் வந்தவை. மெட்ஸ் பல ஆண்டுகள் மலைமேல் ஊர் ஊராக நடந்தார். யார் யாருக்கு நெய் கொடுக்கிறார்கள், யார் வீட்டுச் சாவுக்கு யார் மேளம் அடிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டறிந்தார். அவருடைய நோக்கம் மதமாற்றம். அது அவர் எதிர்பார்த்த அளவுக்கு நடக்கவில்லை, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. இந்தியாவிலிருந்து அந்த மிஷனரிகள் அனுப்பிய அறிக்கைகள், கடிதங்கள், வரைபடங்கள், ஒளிப்படங்கள் எல்லாம் இன்று பாசலில் மிஷன் வீதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அதே ஊரில், ரைன் ஆற்றங்கரை மேட்டில், பண்பாட்டு அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவற்றோடு நமக்குள்ள தொடர்பு இலங்கை வழியாக வருவது. பட்டு நாடா வணிகத்தில் செழித்த சாரசின் குடும்பத்தைச் சேர்ந்த பவுல், ஃபிரிட்ஸ் என்ற இரு உறவினர்கள் 1883இல் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். இருவருக்கும் வயது முப்பதுக்குள்தான். சொந்தப் பணம் ஏராளம், விலங்கியலில் தீராத ஆர்வம். மூன்றாண்டு தங்கி விலங்குகளையும் நத்தைகளையும் சேகரித்தவர்கள், அதே கையோடு இலங்கையின் பழங்குடிகளான வேடர்களையும் ஆராயத் தொடங்கினார்கள். தலையின் சுற்றளவு, மூக்கின் அகலம், கை கால் நீளம் எல்லாம் அளந்தார்கள். எலும்புக்கூடுகளையும் மண்டையோடுகளையும் ஊருக்கு எடுத்துப் போனார்கள். 1892, 1893 ஆண்டுகளில் வந்த அவர்களுடைய வேடர் நூல், மனித குலத்தின் மிகப் பழைய படிநிலைகளில் ஒன்று இன்னும் இலங்கைக் காட்டில் உயிரோடு நடமாடுகிறது என்று வாதிட்டது. படம் பிடிக்க நின்றவரின் பேரக்குழந்தைகள் ஒருநாள் இதைப் படிப்பார்கள் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

வெளிநாடு போய்ப் பழங்குடிகளைப் பற்றியும் பன்மைப் பண்பாடு பற்றியும் படிப்பது இன்று வளர்ந்துவரும் ஒரு கல்வித் துறை. அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ஒரு பருவத்துக்கு மாணவர்களை ஆண்டிஸ் மலைக்கோ ஆப்பிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ அனுப்பிவைக்கின்றன. நம் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளும் மானுடவியலும் பண்பாட்டுப் படிப்பும் நாடி ஐரோப்பா போகத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தப் பயணத்தின் திசையும் பயணியும் பெரும்பாலும் மாறுவதே இல்லை. படிக்கிறவர் விமானம் ஏறுகிறார், படிக்கப்படுகிறவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பாசல் போன்ற ஊருக்கு ஒருவரை அனுப்ப வாய்ப்பு வருமானால், முதல் இடம் தோடர் வீட்டுப் பிள்ளைக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைக்கும் வேடர் வீட்டுப் பிள்ளைக்கும்தான் என்பது என் வாதம். அவர்கள் அங்கே போய்த் தங்கள் பண்பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அது அவர்களிடம் இருக்கிறது. தங்களை வெளியார் எப்படிப் பார்த்தார்கள், எப்படி எழுதினார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதன் முழுக் கணக்கு அங்கே இருக்கிறது. அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் தகுதி வேறு யாருக்கும் அவர்களைவிட அதிகமில்லை.

கணக்கு என்பதைச் சும்மா அணிக்காகச் சொல்லவில்லை. இனவரைவியல் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணும் ஒரு பதிவு அட்டையும் உண்டு. பொருள் என்ன, எந்த நாடு, எந்த இனம், சேகரித்தவர் யார், எந்த ஆண்டு வந்து சேர்ந்தது என்று அட்டை சொல்லும். கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. விற்றாரா, பரிசாகத் தந்தாரா, மிரட்டலுக்குப் பயந்து தந்தாரா, அவர் இல்லாத நேரத்தில் எடுத்தார்களா என்பதும் இருக்காது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ள பாசல் பண்பாட்டு அருங்காட்சியகம் போன்ற ஓரிடத்தில் இந்த வெற்றிடம் சிறியதல்ல. மானுடவியல் மாணவருக்கு அந்த அட்டை ஒரு சான்று. அதில் குறிக்கப்பட்ட ஊர்க்காரருக்கோ அது பாதியில் நிற்கும் வாக்கியம். ஊரின் பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தால் அவருக்கு உடனே தெரியும். சடங்குப் பொருளை விளையாட்டுப் பொருள் என்று குறித்திருந்தால் தெரியும். பெண்கள் தொடக்கூடாத ஒன்றைப் பெண் உருவத்தின் கையில் கொடுத்து நிறுத்தியிருந்தாலும் தெரியும்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு ஜெனீவாவில் நடந்த ஒன்றே போதும். வட அமெரிக்காவின் ஹோடனோஷோனி மக்களுக்கும் ஜெனீவாவுக்கும் உறவு பழையது. தங்கள் தன்னாட்சி உரிமையைக் கேட்டு அவர்களின் தலைவர் டெஸ்கஹே 1923இலேயே அங்கிருந்த பன்னாட்டுச் சங்கத்தின் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2022 கோடையில், ஐ.நா. கூட்டத்துக்காக வந்த அதே மக்களின் பிரதிநிதி ஒருவர் நகரின் இனவரைவியல் அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மருத்துவ முகமூடி. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவே கூடாத புனிதப் பொருள் அது. அவர் சொன்னதும் அருங்காட்சியகம் அதைப் பார்வையிலிருந்து எடுத்தது. 2023 பிப்ரவரியில் முகமூடியும் ஒரு கிலுகிலுப்பையும் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு முன் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போன அறிஞர்களுக்குப் படிப்பில் குறைவில்லை. பார்த்தவுடன் திடுக்கிடுவதற்கு வேண்டிய உறவுதான் அவர்களிடம் இல்லை.

வேடர்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, ஆனால் பாசலில் அல்ல. 2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன் உடற்கூறியல் தொகுப்பிலிருந்த ஒன்பது மண்டையோடுகளை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவிடம் ஒப்படைத்தது. தன் முன்னோரின் எச்சங்களை வாங்கிக்கொள்ள அவரே நேரில் போயிருந்தார். பாசலிலும் சாரசின் தொகுப்பைப் பற்றி அண்மை ஆண்டுகளில் வெளிப்படையான பேச்சு எழுந்திருக்கிறது. பெர்னார்ட் ஷேர் என்ற சுவிஸ் வரலாற்றாய்வாளர் 2015இல் வெளியிட்ட நூல் அந்தப் பேச்சுக்கு வலுச் சேர்த்தது. காலனி ஏதும் இல்லாத நாடு என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சுவிட்சர்லாந்து, பிறர் பிடித்து வைத்திருந்த காலனிகளில் எவ்வளவு வசதியாக நடமாடியது என்பதைச் சாரசின்களை வைத்தே அவர் காட்டினார். இந்தக் கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. சுவிட்சர்லாந்தின் தேசியப் பூங்கா 1914இல் உருவாவதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் இதே பவுல் சாரசின். காட்டைக் காப்பதுபோல் அங்கு வாழும் ‘இயற்கை மக்களையும்’ காக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். விலங்கையும் மரத்தையும் மனிதரையும் ஒரே பட்டியலில் வைக்கும் பரிவு அது. 1983இல் இலங்கை அரசு மாதுரு ஓயா தேசியப் பூங்காவை அறிவித்தபோது, அந்தக் காட்டிலேயே வாழ்ந்த வேடர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வேட்டை குற்றமாயிற்று. பாசலிலிருந்து யாரும் வந்து அதைச் செய்யவில்லைதான். ஆனால் காடு என்றால் ஆளில்லாத பசுமை என்ற எண்ணம் எங்கிருந்து எப்படிப் பரவியது என்று படிக்க விரும்பும் வேடர் இளைஞருக்கு, பாசல் ஒரு நல்ல தொடக்க இடம்.

‘நம் பழங்குடிகளைப் பற்றிப் படிக்க ஐரோப்பா எதற்கு? காடு இங்கே இருக்கிறது, மக்கள் இங்கே இருக்கிறார்கள், உதகை அருகே முத்தோரைப் பாலாடாவில் பழங்குடி ஆய்வு மையமே இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுபோல் ஒலிக்கும். இந்திய அரசே அதைத்தான் விதியாக்கியது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோருக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை விலக்கிவிட்டன. இந்தத் தலைப்புகளுக்கு வேண்டிய நூலும் ஆவணமும் நாட்டிலேயே நிறைய உள்ளன என்பது சொல்லப்பட்ட காரணம். நிறைய உள்ளன என்பது உண்மை. எல்லாம் உள்ளன என்பது உண்மையல்ல. கேத்தியிலிருந்து எழுதப்பட்ட கடிதம் பாசலில் இருக்கிறது. 1901இல் நீலகிரிக்கு வந்து சில மாதங்கள் தங்கி, 1906இல் தோடர்களைப் பற்றி எழுநூறு பக்கத்துக்கு மேல் எழுதிய ரிவர்ஸ் ஒரு கேம்பிரிட்ஜ்காரர். சொந்தக் காசில் போகும் வசதியுள்ள மாணவர் லண்டனிலோ பாசலிலோ உட்கார்ந்து இந்தியச் சாதி, பழங்குடிகள் பற்றி ஆய்வு செய்ய எந்தத் தடையும் இல்லை. அரசு உதவியில் மட்டுமே போக முடிந்த சீர்மரபினர் வீட்டுப் பிள்ளை, குற்றப் பரம்பரைச் சட்டம் தன் பாட்டனை என்ன செய்தது என்று அந்தச் சட்டத்தை இயற்றியவர்களின் ஆவணங்களில் தேடக் கூடாது. தெரிந்தே செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, விளைவு ஒன்றுதான். எழுதப்பட்டவர்களைவிட எழுதுகிறவர்களுக்குத்தான் சலுகை.

பழங்குடியினர் நல அமைச்சகத்தின் உதவித்தொகை தனி. அதில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 இடங்கள், அவற்றில் 3 மிகவும் நலிவடைந்த பழங்குடிக் குழுக்களுக்கு. இந்தியாவில் அப்படி 75 குழுக்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு. மூன்று இடத்துக்கு எழுபத்தைந்து குழு. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு, தொழில்நுட்பம் வந்துவிட்ட பிறகு பயணம் ஏன் என்பது. பாசல் மிஷன் காப்பகத்தின் ஒளிப்படங்களும் வரைபடங்களும் பெருமளவில் இணையத்தில் கிடைக்கின்றன என்பது பாராட்ட வேண்டிய செய்தி. ஆனால் படத்தைப் பார்க்க முடிவதும் அதோடு வந்த கடிதத்தைப் படிக்க முடிவதும் ஒன்றல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகள் ஜெர்மன் மொழியில், அதுவும் குரென்ட் என்ற பழைய கையெழுத்து வடிவத்தில் எழுதினார்கள். இன்றைய ஜெர்மானியருக்கே பயிற்சியில்லாமல் அது புரியாது. அதைப் படிக்கக் கற்பதற்குச் சில மாதங்களாவது உரியவரிடம் உட்கார வேண்டும். எதை மின்வடிவாக்குவது, எதற்கு என்ன தலைப்பிடுவது, எந்தப் படத்தைப் பொதுவில் வைக்காமல் விடுவது என்று முடிவெடுக்கும் மேசையும் அங்கேதான் இருக்கிறது. கோத்தகிரியில் கைப்பேசியில் படம் பார்ப்பவருக்கு அந்த மேசையில் இடமில்லை.

சுவிட்சர்லாந்திடம் பன்மைப் பண்பாடு கற்பதா என்ற கேலி மூன்றாவது. இதை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் 1879 முதல் 1935 வரை, ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவந்த மனிதர்களைச் சீட்டு விற்றுக் காட்சிக்கு நிறுத்தினார்கள். நான்கு தேசிய மொழிகள் என்று பெருமை பேசும் நாட்டில் ரோமான்ஷ் மொழிக்கு அந்தத் தகுதி 1938இல்தான் கிடைத்தது. அதே காலத்தில் யெனிஷ் என்ற நாடோடிச் சமூகத்தின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வளர்ப்பு வீடுகளிலும் அடைக்கும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ப்ரோ யுவென்டூட்டே என்ற அறக்கட்டளை, அரசின் துணையோடு, 1926 முதல் 1973 வரை சுமார் 600 குழந்தைகளை இப்படிப் பிரித்தது. நிலையாகக் குடியிருக்காத வாழ்க்கையே ஒழிய வேண்டும் என்பது நோக்கம். மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று சுவிஸ் அரசு அதை ஒப்புக்கொண்டது 2025 பிப்ரவரியில். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்த வரலாறு நமக்கும் உண்டு. அதற்கு இங்கே யாரும் வருத்தம் தெரிவித்ததாக நினைவில்லை. நரிக்குறவர் பட்டியல் பழங்குடியில் சேர 2023 வரை காத்திருந்தார்கள். அந்தச் சமூகத்திலிருந்து ஒருவர் போய் யெனிஷ் மக்கள் எப்படிக் கோப்புகளைக் கேட்டு வாங்கினார்கள், எப்படிச் சாட்சி சொன்னார்கள், எப்படி அரசின் வாயைத் திறக்க வைத்தார்கள் என்று கற்று வந்தால், அது எந்தப் பட்டத்தையும்விடப் பயனுள்ள படிப்பு. குறையே இல்லாத நாட்டில் கற்க என்ன இருக்கிறது?

பன்மை வாழ்வு எப்படி இருக்கும் என்பதை நீலகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதுமில்லை. தோடர் எருமை மேய்த்து நெய் தந்தார்கள். படகர் தானியம் விளைவித்தார்கள். கோத்தர் இரும்பு அடித்து, பானை வனைந்து, மற்றவர்களின் சாவுச் சடங்குக்குக் கொம்பும் கொட்டும் முழக்கினார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள், அவர்களுடைய மந்திரத்துக்கு மற்றவர்கள் அஞ்சினார்கள். நான்கு மொழி, நான்கு தெய்வ வழிபாடு, ஒரே மலை. இதைச் சொர்க்கம் என்று எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. மேல் கீழ் அதற்குள்ளும் இருந்தது. 1930களில் படகர்களிடையே சீர்திருத்தம் பேசியவர்கள் கோத்தர் இசையை நிறுத்தியதும், தலைமுறைகளாக வந்த கொடுக்கல் வாங்கல் அறுந்தது. தேயிலையும் உருளைக்கிழங்கும் காசும் வந்த பிறகு அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு நிற்க இடமில்லை. மெட்ஸ் அதைச் சிதையுமுன் பார்த்தவர். அவருடைய குறிப்புகளில் மிஷனரியின் சலிப்பையும் ஏளனத்தையும் ஒதுக்கிவிட்டு, எந்த ஊரில் யாரோடு யாருக்கு என்ன உறவு இருந்தது என்று பிரித்தெடுக்கும் வேலை மிச்சமிருக்கிறது. அந்த ஊர்களின் வம்சாவளி தெரிந்த ஒரு கோத்தரோ படகரோ செய்தால் அது வேறு தரத்தில் இருக்கும்.

அப்படியானால் பழங்குடியினரைப் பற்றிப் பழங்குடியினர் மட்டுமே எழுத வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். 1930களின் நடுவில் நீலகிரி வந்த மொழியியலாளர் எமனோ இல்லையென்றால், கோத்தர் மொழிக் கதைகளும் தோடர் பாடல்களும் இவ்வளவு துல்லியமாக எழுத்தில் ஏறியிருக்காது. எமனோ கனடாக்காரர். வெளியாளின் கண்ணுக்குப் படும் சில உண்மைகள் உள்ளே இருப்பவருக்குப் படாது. ஆனால் சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன், அளவுகோலும் கையுமாக ஊர் ஊராகப் போய் மூக்கை அளந்த காலம் தொட்டு வெளியாளுக்கு நிறையவே வாய்ப்பு கிடைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல், தங்களை ஆராய வருவோருக்கு ஒழுக்க விதிகளைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். ஆராய்ச்சியே வேண்டாம் என்று அதில் இல்லை. கேட்டுவிட்டு வா, முடிவைத் திருப்பிச் சொல் என்றிருக்கிறது. நீலகிரியில் அப்படி ஒன்று எழுதப்பட வேண்டுமானால், ஆராய்ச்சி என்பது உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்று பல்கலைக்கழகத்தில் இருந்து பார்த்த நாலு பேர் அந்தச் சமூகங்களில் இருக்க வேண்டும்.

பாசலில் வாழும் ஈழத் தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. 1980களிலிருந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய தமிழர்கள் கோவில் கட்டினார்கள், தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள், அடுத்த தலைமுறை ஜெர்மனில் படித்துப் பல்கலைக்கழகம் போகிறது. அந்தப் பழைய கையெழுத்தைக் கற்க அவர்களைப்போல் வாய்ப்புள்ள தமிழ் பேசுவோர் குறைவு. வாகரையிலும் மூதூர்ப் பக்கத்திலும் கரையோர வேடர்கள் தமிழ்தான் பேசுகிறார்கள், குமார தெய்வத்துக்குச் சடங்கு செய்கிறார்கள். போரிலும் கடற்கோளிலும் அவர்கள் பட்டது சக தமிழர்கள் பட்டதற்குக் குறைவில்லை. ஆனால் ஈழத்தின் வரலாற்றைத் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லும்போது, அவர்கள் எதிலும் வருவதில்லை. தங்கள் மொழிக்குச் சம இடம் கேட்டுப் போராடிய ஒரு சமூகம், தன் மொழியே பேசும் தன்னிலும் சிறிய சமூகத்தின் பெயரை எத்தனை முறை சொல்லியிருக்கிறது என்ற கேள்வி வசதியானதல்ல. பாசல் அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் தமிழர் வீடுகள் இருக்கின்றன. வேடர்களுக்காக அந்தக் கதவை முதலில் தட்ட அவர்களால் முடியும்.

செய்யக்கூடியவை கைக்கெட்டாதவை அல்ல. 2022 விதியின் அந்த ஒரு வரியை ஒன்றிய அரசு நீக்கலாம். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் அயல்நாட்டுப் படிப்புக்கு உதவும் தமிழக அரசு, பட்டப்படிப்போடு நின்றுவிடாமல் ஆறு மாதக் காப்பகப் பயிற்சிக்கும் அதே உதவியைத் தரலாம். முத்தோரைப் பாலாடா மையம் பாசல் மிஷன் காப்பகத்தோடு ஒப்பந்தம் செய்து, நீலகிரி ஆவணங்களின் பிரதியைத் தமிழ்ப் பட்டியலோடு இங்கே கொண்டுவந்து வைக்கலாம். பிரதி வந்தால் போதாது, அது யார் வீட்டு விஷயம் என்று தெரிந்தவரிடம் அதன் பொறுப்பும் போக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7.94 லட்சம் பேர். அவர்களிலிருந்து ஆண்டுக்கு இரண்டு பேரை அனுப்பப் பெரிய நிதி வேண்டாம்.

கடைசியாக ஒரு மறுப்பு, இது மற்றவர்கள் சொல்வதல்ல, எனக்கே தோன்றுவது. தோடர் வீட்டுப் பெண் பாசலுக்குப் போனால் பாட்டனாரின் படத்தைத் தேடிக்கொண்டு காப்பகத்தில்தான் உட்கார வேண்டும் என்று நான் யார் விதிக்க? ரோச், நோவார்ட்டிஸ் போன்ற உலகின் மிகப் பெரிய மருந்து நிறுவனங்கள் அந்த ஊரில்தான் இருக்கின்றன. வேதியியல் படிக்கத்தான் அவர் ஆசைப்படலாம், மண்டையோட்டுப் பேச்சே வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். சொல்லட்டும். உதவித்தொகை விண்ணப்பத்தில் தலைப்பு என்ற கட்டத்தை அவரே நிரப்பட்டும்.